மூல ஆவணமா, ஆய்வுக் கட்டுரையா: எதை முதலில் படிப்பது?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். தொடக்ககால அமெரிக்காவைப் பற்றி ஆய்வேடு எழுத விருப்பம். அக்கால ஆங்கிலம் மிரட்டுகிறது. ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் வைத்து எழுதலாமா?

பதில்: கூடாது. கட்டுரையை முதலில் படித்துவிட்டால், அதன் ஆசிரியர் ஆவணத்தில் எதைக் கண்டாரோ அதுவே உங்கள் கண்ணிலும் படும். ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு ஆவணத்திலிருந்து தொடங்குங்கள்.

1607 டிசம்பரில் வர்ஜீனியாவில் பூர்வகுடிகளிடம் பிடிபட்ட ஆங்கிலேயக் குடியேறி ஜான் ஸ்மித், அவர்களின் தலைவர் பவ்ஹாட்டன் முன் நிறுத்தப்பட்டார். 1608இல் லண்டனில் அச்சான அவருடைய நூலில், தலைவர் அவரை உபசரித்து, ஆங்கிலேயர் வந்த காரணத்தை விசாரித்து, திருப்பி அனுப்புகிறார். தலைவரின் மகள் போகஹொன்டஸ் பின்னால் ஓரிடத்தில், பத்து வயதுச் சிறுமியாக வருகிறாள். 1624இல் வெளிவந்த அவரது பெருநூலிலோ ஸ்மித்தின் தலை கல்லின்மேல் வைக்கப்பட, கதாயுதங்கள் ஓங்கப்பட, அச்சிறுமி தன் தலையை அவர் தலைமேல் வைத்துக் காப்பாற்றுகிறாள்.

ஸ்மித் கதை கட்டினார் என்று உடனே எழுதிவிடாதீர்கள். முதல் நூல் அவர் மேற்பார்வையின்றி அச்சேறியது. சில பகுதிகள் விடப்பட்டதாக அதன் முன்னுரையே ஒப்புக்கொள்கிறது. மறுபுறம், 1624க்குள் போகஹொன்டஸும் (1617) பவ்ஹாட்டனும் (1618) இறந்துவிட்டனர். 1622இல் பூர்வகுடிகள் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 347 குடியேறிகள் கொல்லப்பட்டிருந்ததால், பூர்வகுடிகளைப் பற்றிய லண்டனின் மனநிலையும் மாறியிருந்தது.

இவ்வளவும் குறித்துக்கொண்ட பிறகே, 'வில்லியம் அண்ட் மேரி குவாட்டர்லி' போன்ற இதழ்களின் கட்டுரைகளுக்குப் போங்கள். சிறுமி காப்பாற்றியதாகச் சொல்லப்படும் அந்நிகழ்ச்சி, ஸ்மித்துக்குப் புரியாமல் போன தத்தெடுப்புச் சடங்கு என்போரும் உண்டு, அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்போரும் உண்டு. ஒவ்வொருவரும் எந்த வரியை ஆதாரமாகப் பிடிக்கிறார் என்று ஆவணத்தைத் திறந்து ஒப்பிடுங்கள்.

மொழியைக் கண்டு அஞ்ச வேண்டாம். எழுத்துக்கூட்டல் திருத்திய பதிப்பில் தொடங்கி, ஓரிரு பக்கங்களை மட்டும் பழைய அச்சுடன் வைத்துப் பாருங்கள். அதில் 'எஸ்' பல இடங்களில் 'எஃப்' போலத் தெரியும். ஆண்டுக் கணக்கில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்: அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்ததால், நம் கணக்கில் 1608 ஜனவரி என்பது அவர்கள் ஏட்டில் 1607.

பவ்ஹாட்டனின் மக்கள் அக்காலத்தில் எழுதிவைத்தது எதுவும் இல்லை. ஆகவே தலைவர் பேசியதாக ஸ்மித் தரும் உரைகளை 'பவ்ஹாட்டன் கூறினார்' என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். 'பவ்ஹாட்டன் கூறியதாக ஸ்மித் எழுதுகிறார்' என்றே எழுதுங்கள்.