வலி இல்லாத புண்ணுன்னு சும்மா விடாதீங்க

உங்க வீட்டுக்காரரோட வாய் பத்தி நீங்க எழுதின லெட்டர படிச்சேன். நாக்குல வெள்ளையா படியுறது, காலைல வாய் கசப்பு, அடிநாக்குல பருக்கள், இந்த மூணையும் விடுங்கம்மா. அந்த பருக்கள் எல்லாருக்கும் இருக்கும், அவர் இப்பத்தான் செல்போன் டார்ச் அடிச்சு பாத்திருக்கார். யூடியூப் பாத்து வந்த பயம் அது. கடைசி வரில போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, நாக்கு ஓரத்துல ரெண்டு மாசமா ஒரு புண்ணு, வலி இல்ல, அதனால கேன்சரா இருக்காதுல்ல டாக்டர்னு, அதுக்குத்தான் இந்த பதில்.

வலி இல்லங்கறது நல்ல சேதி இல்ல. சாதாரண வாய்ப்புண்ணு ரசம் பட்டாலே உயிர் போற மாதிரி எரியும், ஆனா பெரும்பாலும் ரெண்டு வாரத்துல தானா ஆறிடும். கேன்சர் புண்ணு ஆரம்பத்துல பல பேருக்கு வலிக்கவே வலிக்காது. மூணு வாரம் தாண்டியும் ஆறலன்னா நேர்ல காட்டி பயாப்சி, அதாவது புண்ணுலேருந்து துளி சதை எடுத்து பண்ற டெஸ்ட், அத பத்தி கேட்டே ஆகணும்.

இந்த ரெண்டு மாசத்துல அவருக்கு கெடச்சது பக்கத்து டாக்டர்கிட்ட பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஆயின்ட்மென்ட், அப்புறம் வேற க்ளினிக்ல ஆன்டிபயாடிக். எனக்கு கோவம் வர்ற இடம் இதுதான். ஒவ்வொரு இடத்துலயும் புதுசா வந்த புண்ணு மாதிரியே பாக்குறாங்க, மொத்தம் எத்தனை வாரம் ஆச்சுன்னு எண்ண ஆளே இல்ல. அந்த மாதிரி ஆயின்ட்மென்ட் சிலதுல வீக்கத்த அடக்குற ஸ்டீராய்டு மருந்து இருக்கும், சுத்தி இருக்கற எரிச்சல் கொஞ்சம் அடங்கும், ஆறுதுன்னு நெனச்சு இன்னும் ஒரு மாசம் போயிடும். பிராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசுல மும்பை தாராவி டெய்லர் ஒருத்தருக்கு நானே ரெண்டு தடவ அதே மாதிரி ஆயின்ட்மென்ட்ட எழுதிக் குடுத்தேன், விரல் வச்சு தொட்டுப் பாக்கல. மூணாவது தடவ வரும்போது கழுத்துல நெறி கட்டியிருந்தது. அதுலேருந்து க்ளவுஸ் போட்டு புண்ணோட ஓரத்த அமுக்கிப் பாக்காம யாரையும் அனுப்புறதில்ல, ஓரம் புளியங்கொட்டை மாதிரி கெட்டியா இருந்தா அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர்.

மாவா (புகையிலை, பாக்கு, சுண்ணாம்பு சேத்து மெல்றது) விட்டுட்டார், இப்ப வெறும் பாக்குதான்னு ஆறுதலா எழுதியிருக்கீங்க. புகையிலையே சேக்காத பாக்கும் கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2004-லயே சொல்லிடுச்சு. அவரோட மூணு விரல சேத்து, ஒண்ணு மேல ஒண்ணா நிக்கற மாதிரி வாய்க்குள்ள விட முடியுதான்னு பாருங்க, முடியலன்னா பாக்கு போட்டு போட்டு கன்னத்து உள்சதை இறுகியிருக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

பயாப்சில கத்தி பட்டா கேன்சர் பரவும்னு உங்க நாத்தனார் சொன்னது தப்பு. மரத்துப்போக ஊசி போட்டு சோத்துப் பருக்கை அளவு சதைதான் எடுப்பாங்க. கேன்சரே இருந்தாலும் சின்னதா இருக்கறப்ப பிடிச்சா பல பேருக்கு ஆபரேஷனோட முடிஞ்சிடும், நெறி கட்டுனப்புறம் வந்தா ரேடியேஷன், கீமோன்னு நீளும்.

நாளைக்கு காலைலயே சயான் ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்டை பாக்குற ஈஎன்டி ஓபிடிக்கு கூட்டிட்டு போங்க, இல்ல நாயர் டெண்டல் காலேஜ். பழைய சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எடுத்துக்கோங்க. அங்க போய் ஹிந்தில 'மூ மே ச்சாலா' (வாயில புண்ணு)ன்னு மட்டும் சொல்லி நிக்காதீங்க, 'தோ மஹீனே சே' (ரெண்டு மாசமா)ன்னு சேத்துச் சொல்லுங்க.