மீன் டிஎன்ஏ படிக்கணும்னு பையன் சொன்னா பயப்படணுமா?

அக்கா, நீங்க அனுப்பின மெசேஜ் பாத்தேன். ஜேசில (ஜூனியர் காலேஜ்) நல்ல மார்க் வாங்குற பையன் மெடிசின் வேணாம், செல்லுக்குச் சக்தி குடுக்கற மைட்டோகாண்ட்ரியால இருக்கற டிஎன்ஏவ வெச்சு எந்த மீன் எந்த மீனுக்குச் சொந்தம்னு கண்டுபிடிக்கப் போறேன்னு நிக்கிறான், இதுக்கெல்லாம் யாரு சம்பளம் குடுப்பான்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான், ஆனா மொதல்ல அவன் சொல்றது என்னன்னு பாப்போம்.

ஆப்பரேஷன் ஆனவங்களுக்கு சூப் வெச்சுக் குடுப்போமே ஹாருவான், நம்ம விரால், அதுவும் தோமான்கற இன்னொரு விரால் வகையும் பங்காளிங்க. ஆனா தோமான் குஞ்சுல ஒரு நிறம், பெருசானா வேற நிறம், கண்ண மட்டும் நம்பினா ஏமாந்துருவோம். அதனால துடுப்புல ஒரு துணுக்கு வெட்டி ஆல்கஹால்ல போட்டு, டிஎன்ஏ எடுத்து, பிசிஆர்ங்கற காப்பி எடுக்கற முறைல பெருக்கி எழுத்து எழுத்தா படிக்கிறாங்க. மைட்டோகாண்ட்ரியால இருக்கற டிஎன்ஏ ஒரு குட்டி வட்டம், மீனுக்கு சுமார் 16,500 எழுத்து, 37 ஜீன், அவ்வளவுதான். ஒரு செல்லுலயே நிறைய காப்பி இருக்கும், அதனால துளி சதை போதும். பொதுவா அம்மாகிட்டேர்ந்து மட்டும்தான் வரும், வேகமா மாறவும் செய்யும், அதனால கிட்டத்துல பிரிஞ்ச இனங்களக்கூட பிரிச்சுக் காட்டிரும்.

ஆனா அம்மா வீட்டுப் பக்கம் மட்டும் விசாரிச்சா பாதிக் கதைதானே! ரெண்டு இனம் எப்பவோ கலந்திருந்தா அது தப்பாச் சொல்லும், ஆப்பிரிக்காவுல மலாவி ஏரி சிக்லிட் மீன்கள்ல இந்தத் தலைவலி நல்லாவே இருக்கு. அதான் இப்ப அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வர்ற உட்கரு (நியூக்ளியஸ்) டிஎன்ஏவையும் சேத்துப் பாக்கறாங்க, டேட்டா மலை மாதிரி வரும், பைத்தானோ ஆர்-ஓ, ஏதாவது ஒரு ப்ரோக்ராமிங் மொழி தெரியாம காலம் தள்ள முடியாது. உங்களுக்கு இது நல்ல சேதிக்கா, மீன் வேணாம்னு நாளைக்கு மனசு மாறினாலும் ஆஸ்பத்திரி லேப், பயோடெக், உணவுப் பரிசோதனைன்னு எங்கயும் அதே கைவேலை ஓடும்.

வேலை விஷயத்துல மழுப்ப மாட்டேன். மீனோட வம்சத்த மட்டும் ஆராயற வேலை சிங்கப்பூர்ல விரல் விட்டு எண்ணலாம், லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் மாதிரி இடங்கள்லதான், அங்க ஆராய்ச்சியாளரா உக்கார பிஎச்டி வரைக்கும் போகணும். என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்), எஸ்எஃப்ஏ (உணவு அமைப்பு), மீன் பண்ணை இதுலெல்லாம் டிகிரியோட நுழையலாம். ஸ்காலர்ஷிப் கெடச்சா பாண்ட், அதாவது குடுத்தவங்ககிட்ட கட்டாயமா வேலை பாக்கறது, எத்தன வருஷம்னு படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

எனக்குள்ள ஒரே சந்தேகம், அவனுக்குப் பிடிச்சது மீன் தொட்டியா இந்த வேலையாங்கறதுதான். என்கிட்ட வந்த ஒரு பொண்ணு லேப்ல அட்டாச்மென்ட் பயிற்சிக்குப் போய் மூணு வாரம் டிஎன்ஏவ கோடாப் பிரிச்சுக் காட்டற ஜெல் ஓட்டினா, ஒரு கோடுகூட வரல, அழுதுட்டா, ஆனா நாலாவது வாரமும் போனா பாருங்க, அவளப் பத்தி எனக்குக் கவலையே இல்ல.

அதனால ஜூன் லீவுல காசில்லாம ஒரு டெஸ்ட் வைங்க. ஜென்பேங்க்ங்கற டிஎன்ஏ தகவல் களஞ்சியத்துல விரால் வகைகளோட சைட்டோகுரோம் பிங்கற மைட்டோகாண்ட்ரியா ஜீன் இலவசமாக் கெடைக்கும், ஒரு ஆறேழு இறக்கி, மெகாங்கற இலவச சாஃப்ட்வேர்ல வரிசைப்படுத்தி வம்ச மரம் ஒண்ணு போடச் சொல்லுங்க. ரெண்டே நாள்ல அலுத்துட்டான்னா என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடியறதுக்குள்ள வேற யோசிக்க நேரம் இருக்கு. போட்டு முடிச்சான்னா எனக்கு அனுப்பச் சொல்லுங்க, ஒப்பிட்டுப் பாக்க வெளி ஆளா பனையேறிக் கெண்டை மாதிரி ஒண்ண சேக்காம அனுப்பினா திருப்பி அனுப்பிருவேன்னும் சொல்லி வைங்க.