காஸ்ட் செய்யாமல் தடுக்க முடியுமா? வாசகர் கேள்விகள்

கூடலூர்: புரோகிராமில் காஸ்ட் (ஒரு டைப்பில் இருப்பதை இன்னொரு டைப்பாக மாற்றுவது) செய்தால் எரர் வருகிறது. என்ன செய்யலாம்?

எந்த மொழி, எந்த வரி, என்ன எரர்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? மொழி, பதிப்பு இரண்டையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

குன்னூர்: சி பிளஸ் பிளஸ்ஸில் எடை கேட்கும் ஃபங்ஷனுக்கு மூட்டை எண்ணிக்கை 35-ஐ அனுப்பிவிட்டார்கள், கம்பைலர் வாயே திறக்கவில்லை.

எண்ணை வாங்கி எடையை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் எக்ஸ்ப்ளிசிட் (explicit) போடுங்கள், கம்பைலர் தானாக எண்ணை எடையாக மாற்றாது. 2011 பதிப்பிலிருந்து, கிளாஸை வேறு டைப்பாக மாற்றித் தரும் கன்வர்ஷன் ஆபரேட்டருக்கும் போடலாம்.

கோத்தகிரி: தேயிலை ஃபேக்டரிக்கு ஜாவாவில் எழுதுகிறேன். 'பச்சை இலை' கிளாஸ் 'சரக்கு' கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது, அதாவது அதன் வாரிசு. ரசீது போட்ட பிறகு எடையைத் திருத்தக் கூடாது, அதனால் அதை யாரும் சரக்காக காஸ்ட் செய்யாமல் தடுக்க வேண்டும்.

முடியாது. எடையை மாற்றும் மெத்தட் சரக்கில் பப்ளிக்காக இருந்தால் பச்சை இலையிலும் அது இருக்கும், நேரடியாகவே கூப்பிடலாம், காஸ்ட் எதற்கு? நீங்கள் அதை ஓவர்ரைடு செய்திருந்தால் (பச்சை இலையில் மாற்றி எழுதியிருந்தால்), சரக்காக காஸ்ட் செய்து கூப்பிட்டாலும் ஓடப்போவது உங்கள் மெத்தட்தான். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். நாலு மெத்தட் இலவசமாகக் கிடைக்கிறதே என்று எக்ஸ்டெண்ட்ஸ் போட்டுவிட்டு, அப்புறம் 'ஆனால் இதைச் சரக்கு என்று யாரும் சொல்லக் கூடாது' என்று அடம்பிடிக்கிறீர்கள் பாருங்கள், அங்கே. சரக்கு கேட்கிற இடத்திலெல்லாம் இதைக் கொடுக்கலாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. எக்ஸ்டெண்ட்ஸை எடுத்துவிட்டு, சரக்கைப் பிரைவேட் ஃபீல்டாக உள்ளே வைத்து வேண்டிய மெத்தட்டை மட்டும் வெளியே விடுங்கள். 20, 30 வரி கூடும், கூடட்டும். 'சி பிளஸ் பிளஸ்ஸில் வாரிசு உறவை வெளியே தெரியாமல் மறைக்கும் பிரைவேட் இன்ஹெரிட்டன்ஸ் இருக்கிறதே' என்று உடனே ஒருவர் எழுதுவார். இருக்கிறது, வெளியிலிருந்து பேஸ் கிளாஸாக (தாய் கிளாஸாக) மாற்ற ஸ்டாட்டிக் காஸ்ட்கூட மறுத்துவிடும். ஆனால் பழைய சி பாணியில் அடைப்புக்குறிக்குள் டைப்பைப் போட்டு காஸ்ட் செய்தால் அந்தத் தடையையும் தாண்டிவிடும். சி பாணி காஸ்ட் வேண்டாம் என்று நான் கத்துவது இதனால்தான்.

கொடைக்கானல்: மலைப்பூண்டு விலைப் பட்டியலை ஜாவாவில் இட்டரபிள் (ஒவ்வொன்றாகப் படிக்க மட்டும் என்று நினைத்து) என்றுதான் வெளியே தருகிறேன். வாங்குகிறவர் அதை அர்ரேலிஸ்ட்டாக (சேர்க்கவும் நீக்கவும் முடிகிற பட்டியலாக) காஸ்ட் செய்து புது விலை ஒன்றைச் சேர்த்துவிட்டார்.

உள்ளே நிஜமாகவே அர்ரேலிஸ்ட் இருந்தால் அந்த காஸ்ட் நடக்கத்தான் செய்யும். ஜாவா 10 முதல் இருக்கிற லிஸ்ட் காப்பிஆஃப்பை (List.copyOf) பயன்படுத்தி மாற்ற முடியாத நகலைக் கொடுங்கள். அதை அர்ரேலிஸ்ட்டாக மாற்றப் பார்த்தால் எக்ஸெப்ஷன்தான்.

ஊட்டி: டைனமிக் காஸ்ட் கம்பைலே ஆகவில்லை.

மொழியை நானே ஊகித்துக்கொள்கிறேன், சி பிளஸ் பிளஸ். பேஸ் கிளாஸிலிருந்து வாரிசு கிளாஸாக மாற்ற, பேஸ் கிளாஸில் ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷனாவது (வாரிசு மாற்றி எழுதக்கூடியது) இருக்க வேண்டும், டிஸ்ட்ரக்டரை விர்ச்சுவலாக்கினாலே போதும். பாயின்டரை காஸ்ட் செய்கிறீர்கள் என்றால், வந்தது வெற்று பாயின்டரா (null) என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.