தனிச் சந்திப்பில் குழுவினர் பேசவே மாட்டேன் என்கிறார்களா?

அடுத்த வாரம் முதல், எதைப் பேசுவது என்பதை அவர்களே எழுதிக்கொண்டு வரட்டும். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு அலுவலகத்தில் ஆறு பேரோடும் வாரம் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்தும் ‘எல்லாம் சரியாகப் போகிறது’ என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை என்கிறீர்கள்.

உங்கள் முதல் கேள்வியே ‘அந்த வேலை எந்த அளவில் இருக்கிறது?’ என்பதாக இருக்கலாம். அது கணக்குக் கேட்பது. கணினிச் சிப் செய்யும் இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரூ குரோவ் 1983-லேயே சொன்னார்: இந்தச் சந்திப்பு மேலாளருடையது அல்ல, ஊழியருடையது.

மடிக்கணினியை மூடிவைத்து, முதல் பத்து நிமிடம் வேலை நிலவரமே கேட்காமல் இருந்து பாருங்கள். என் குழுவில் ஒரு பெண் மூன்றாவது வாரம்தான், இரவுப் பணி முறை வந்தால் குழந்தையை யாரிடம் விடுவது என்று கேட்டார். அத்தனை நாளும் அதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒன்று மட்டும்: சம்பள உயர்வு பேசும் மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள்.