தொழில் கேள்வி–பதில்: முதலாளியின் பக்தி, ஊழியரின் லீவு

கேள்வி: மலேசியாவின் பிறை நகரில் 18 பேர் வேலை செய்யும் அச்சகம் நடத்துகிறேன். ஜப்பான் ஏர்லைன்ஸைத் தூக்கி நிறுத்திய கசுவோ இனமோரி புத்தத் துறவியாம். அவரைப் போல நானும் பக்தியோடு கம்பெனி நடத்த ஆசை. வெள்ளிக்கிழமை பூஜைக்கு எல்லாரும் வரவேண்டும் என்று சொல்லலாமா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம். பூஜை நடக்கட்டும், வருகிறவர் வரட்டும். வராதவரை சூப்பர்வைசர் குறித்து வைக்கக்கூடாது. வேலைக் கூட்டத்தையும் அதோடு சேர்க்காதீர்கள். கூட்டத்துக்கு வந்த மலாய்க்காரர் கற்பூர ஆரத்திக்கும் நிற்க வேண்டிவரும்.

இனமோரி கியோசெரா என்னும் மின்னணு உதிரிபாகக் கம்பெனியைத் தொடங்கியது 1959இல், துறவு பெற்றது 1997இல். 2010இல் திவாலான ஜப்பான் ஏர்லைன்ஸுக்குச் சம்பளம் வாங்காத தலைவராகப் போனார். 2012 செப்டம்பரில் அது பங்குச் சந்தைக்குத் திரும்பியது. இதில் பக்தியின் பங்கை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். கடன் தள்ளுபடியானது, அரசு ஆதரவு நிதி பணம் போட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய கணக்கு முறை. கம்பெனியைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்தார். குழுவின் வரவிலிருந்து சம்பளம் தவிர்த்த செலவைக் கழித்து, மீதியை வேலை நேரத்தால் வகுப்பார். உங்கள் அச்சு இயந்திரக் குழுவுக்கு மாத வரவு 60,000 ரிங்கிட், தாள், மை, மின்சாரம், வாடகைப் பங்கு 36,000 என்று வைப்போம். மீதி 24,000. ஆறு பேர், ஆளுக்கு 200 மணி, ஆக 1,200 மணி. மணிக்கு 20 ரிங்கிட். சராசரிச் சம்பளம் மணிக்கு 12 என்றால் குழு சம்பாதிக்கிறது. சம்பளத்தைச் செலவில் சேர்த்தால் குழுத் தலைவர் முதலில் கைவைப்பது ஆளின் மீதுதான். ஆளைச் செலவாகப் பார்க்காததில்தான் இனமோரியின் நம்பிக்கை தெரிகிறது.

சண்டை வருவது உள்விலையில். அச்சுக் குழு பைண்டிங் குழுவுக்கு என்ன விலைக்குக் கொடுப்பது? வாடிக்கையாளர் தரும் விலையிலிருந்து பின்னோக்கிப் பிரித்து நீங்களே முடிவு செய்யுங்கள். இரவல் போன ஆளின் மணிநேரமும் போன குழுவின் கணக்குக்கு மாறவேண்டும்.

இன்னொன்று, பில் போடுகிறவர் பணத்தைத் தொடக்கூடாது. மனித மனம் பலவீனமானது, சபலத்துக்கு இடம் கொடுத்து ஒருவரைக் குற்றவாளியாக்கக்கூடாது என்பது இனமோரி சொன்ன காரணம்.

கேள்வி: எங்கள் முதலாளி தேவாலய ஊழியத்தில் தீவிரமானவர். தைப்பூசத்துக்கு லீவு இல்லை என்கிறார். சட்டம் இடம் தருமா?
— வாசகி, செந்தூல்

பதில்: அப்படி மறுக்கச் சட்டம் இடம் தரும். வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 11 நாள் பொது விடுமுறை. தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், பேரரசர் பிறந்தநாள், கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச தினம் ஆகிய ஐந்து கட்டாயம். மீதி ஆறு முதலாளியின் தேர்வு. ஆண்டு பிறக்குமுன் பட்டியலை ஒட்டவேண்டும். தைப்பூசம், தீபாவளி இரண்டும் அந்த ஆறில் இருந்தால்தான் உண்டு. ஆகவே நவம்பரிலேயே கேளுங்கள். பட்டியல் ஒட்டிவிட்டார்கள் என்றால், இரு தரப்பும் சம்மதித்து அந்த ஆறில் ஒன்றுக்குப் பதிலாகத் தைப்பூசத்தை விடுமுறையாக மாற்றிக்கொள்ளலாம்.