கூண்டின் கதவை எப்போது மூடுவது?

செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு, நாய்க்குட்டியைக் கூண்டில் படுக்கப் பழக்குவதைப் பற்றியே இருந்தன. நான்கும் நீலகிரியிலிருந்து வந்தவை. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வசிக்கிறோம். பத்து நாட்களுக்கு முன் இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்து, அதற்கென்று கம்பிக் கூண்டும் வாங்கினோம். கூண்டை வாசலில், கூரைக்கு அடியில் வைத்திருக்கிறோம். இரவு முழுவதும் குட்டி கத்துகிறது. அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கிறார்கள். வாயில்லா ஜீவனை அடைத்து வைப்பது பாவம் என்கிறார் என் மாமியார். கத்திக் கத்தித் தானாக அடங்கிவிடும், கண்டுகொள்ளாதே என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் நான் உங்கள் மாமியாரின் பக்கமே சாய்கிறேன். கூண்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் குட்டிக்கு இப்போது நடப்பது அடைப்புதான் என்பதால் அவருடைய கோபம் நியாயமானது.

உங்கள் வீட்டுக்கு வரும் முந்திய நாள் வரை அந்தக் குட்டி தன் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுத்திருந்தது. அந்த உடல் சூடும் அந்த மூச்சுச் சத்தமும் இல்லாமல் ஓர் இரவைக்கூட அது கழித்ததில்லை. அப்படிப்பட்டதை வாசல் சிமெண்டுத் தரையில், மலைக் குளிரில், நான்கு கம்பிச் சுவர்களுக்குள் விட்டுக் கதவைத் தாழிட்டால் அது கத்தாமல் வேறு என்ன செய்யும்? கணவர் சொல்வதுபோல் சில குட்டிகள் சில நாட்களில் அடங்கிப் போவதும் உண்டு. கத்திப் பயனில்லை என்று கண்டுகொண்ட குட்டி அது. அந்த இடத்தை அது ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அந்த மௌனத்துக்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

பல ஆண்டுகளுக்கு முன் நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். முதன்முதலாக வளர்த்த குட்டியை வந்த அன்றே கூண்டில் விட்டு விறகுக் கொட்டகையில் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது, கம்பியைக் கடித்துக் கடித்து முன் பல் ஒன்று உடைந்திருந்தது. ஈறிலிருந்து வந்த ரத்தம் கம்பியிலேயே காய்ந்து ஒட்டியிருந்தது. அதன்பிறகு அந்தக் கூண்டைத் தூக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கடைசிவரை அந்தக் கூண்டு கோழிகளுக்குத்தான் உதவியது.

ஆகவே இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று: கூண்டை வீட்டுக்குள், நீங்கள் படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். குளிரும் தனிமையும் ஒருபுறம் இருக்க, நம் மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேயிலைச் சரிவுகளை ஒட்டிய ஊர்களில் சிறுத்தைகள் இரவில் நாய்களைத் தேடி வீட்டு வாசல்வரை வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. கத்துகிற குட்டி, தான் இருக்குமிடத்தை அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மெல்லிய கம்பிக் கூண்டு அதற்கு ஒரு தடையே அல்ல. ஓடவும் வழியில்லாமல் குட்டியை அதில் வைத்திருப்பது, அவிழ்த்து விடுவதைவிட மோசம்.

கூண்டைத் தரையில் நேரே வைக்காமல் ஒரு மரப்பலகையின் மேல் வையுங்கள். சாக்கு விரிக்காதீர்கள், மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு காயவே காயாது, நாரைக் கடித்து விழுங்கினால் வயிற்றுக்கும் கெடுதல். நீங்கள் உடுத்திய பழைய ஸ்வெட்டர் ஒன்று போதும், உங்கள் வாசனையும் அதில் இருக்கும். குட்டியைக் கொடுத்தவர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்றால், ஒரு துணியைத் தாய் நாயின் மேல் நன்றாகத் தேய்த்து வாங்கி வாருங்கள். கூண்டின் மூன்று பக்கங்களைக் கம்பளியால் மூடி முன்பக்கத்தைத் திறந்து விட்டால் குளிர்காற்று அடிக்காது, மூச்சும் முட்டாது. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓர் ஓரமாக வைக்கலாம். சூடு அதிகமானால் குட்டி விலகிப் படுக்கக் கூண்டுக்குள் இடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல்களை மூடிப் படுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குட்டிக்கு மட்டுமல்ல, அறையில் படுத்திருக்கும் எல்லோருக்கும் அது எமன்.

இனி, பழக்கும் முறைக்கு வருகிறேன். குட்டி நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் கூண்டின் அளவு சரி. வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரியதாக வாங்கியிருந்தால் நடுவில் ஒரு தட்டி வைத்துக் குறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு இன்னொரு மூலையில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாத நாயின் இயல்பைத்தான் நாம் இங்கே துணைக்கு அழைக்கிறோம்.

முதல் மூன்று நான்கு நாட்களுக்குக் கதவு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள். முடிந்தால் கழற்றி வையுங்கள். முடியாவிட்டால் அது தானாகச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள். உப்பும் மசாலாவும் சேராமல் வேகவைத்த கோழித் துண்டைக் கூண்டின் வாயிலில் போடுங்கள், பிறகு சற்று உள்ளே, பிறகு கடைசிக் கோடியில். அப்போது குட்டியைக் கவனித்துப் பாருங்கள்: முன்னங்கால் இரண்டும் உள்ளே இருக்கும், பின்னங்கால்கள் வெளியிலேயே ஊன்றி நிற்கும், கழுத்து மட்டும் ரப்பர்போல் நீண்டுகொண்டே போகும். துண்டைக் கவ்வியதும் ஒரே பாய்ச்சலாகப் பின்வாங்கும். அந்தப் பின்னங்கால்கள் எப்போது தயங்காமல் உள்ளே வருகின்றனவோ அப்போதுதான் அடுத்த படிக்குப் போகலாம். சில குட்டிகளுக்கு ஒரே நாளில் இது நடந்துவிடும், சிலவற்றுக்கு ஒரு வாரம் ஆகும். நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்.

அதன்பிறகு மூன்று வேளைச் சாப்பாட்டையும் கூண்டுக்குள்ளேயே வையுங்கள். தின்றுகொண்டிருக்கும்போது கதவைச் சாத்தி, தட்டு காலியாவதற்குள் திறந்துவிடுங்கள். அடுத்த நாள் தின்று முடித்து ஒரு நிமிடம் கழித்து, பிறகு ஐந்து நிமிடம், பிறகு பத்து என்று நீட்டிக்கொண்டே போகலாம். விளையாடிக் களைத்து, வெளியே போய்ச் சிறுநீரும் கழித்துவிட்டு, கண் சொருகும் நேரத்தில் கதவை மூடுவதே நல்லது. உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டிக் கழுத்து இறுகிப் போகும் ஆபத்து உண்டு.

இரவில் அழுதால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. கட்டிலிலிருந்து கையை நீட்டிக் கூண்டின் மேல் வைத்தாலே பெரும்பாலும் முனகல் நின்றுவிடும். படுத்துச் சில மணி நேரம் நன்றாகத் தூங்கிய குட்டி திடீரென்று எழுந்து அழுதால் அது சிறுநீருக்காக இருக்கும். பேச்சுக் கொடுக்காமல், விளையாட்டுக் காட்டாமல், தூக்கிக்கொண்டு போய் வாசலில் விட்டு, கூடவே நின்று, முடித்ததும் திரும்ப உள்ளே படுக்க வையுங்கள். கையில் ஒரு டார்ச் விளக்கு இருக்கட்டும். கண்ணுக்கெட்டாத தூரம் போகவிடாதீர்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே கடைசிச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், ஆனால் தண்ணீரை மறுக்க வேண்டாம். இரவில் பால் சோறு வைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பல குட்டிகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது, வயிறு இளகிக் கூண்டையே நாசம் செய்துவிடும்.

உங்கள் மாமியாரையே ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூண்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு தானாக உள்ளே ஓடுவதை அவர் ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குப் புறப்பட்டால் மாலை ஐந்தரை ஆகிவிடும். மூன்று மாதக் குட்டியை அதுவரை கூண்டில் விட்டுப் போகலாமா? ஒருமுறை விட்டுப் போனோம். உள்ளேயே அசுத்தம் செய்து அதிலேயே புரண்டிருந்தது.
(வாசகி, உதகமண்டலம்)

பதில்: கூடாது. மாதக் கணக்கில் குட்டியின் வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்தான், பகலில் அது சிறுநீரை அடக்கிக்கொள்ளக்கூடிய மணி நேரத்துக்கு உச்சவரம்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் குட்டிக்கு நான்கு மணி நேரம். நடைமுறையில் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை வெளியே விடுவதே நியாயம். ஒன்பது மணி நேரம் அடைத்து வைத்தால் தன் படுக்கையை அசுத்தம் செய்துகொள்வதைத் தவிர அதற்கு வழியில்லை. அப்படிப் பலமுறை நடந்துவிட்டால் படுக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற உணர்வே அதற்கு மழுங்கிவிடும். பிறகு பழக்குவது இரட்டிப்புக் கஷ்டம்.

சமையலறையிலோ பின்கட்டிலோ ஒரு மூலையைத் தட்டி வைத்து மறித்து, கூண்டைக் கதவு திறந்தபடி அதற்குள் வைத்து, எதிர் மூலையில் செய்தித்தாள் விரித்துவிடுங்கள். மதியம் ஒருமுறை வந்து வெளியே விட அண்டை வீட்டுப் பெரியவர் யாராவது சம்மதித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அசுத்தமான இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். குட்டி தரையை நக்கும். வெந்நீரில் சற்று வினிகர் கலந்து துடைத்து, வெயில் வரும்போது கூண்டைக் காயவையுங்கள். உதகையில் வெயிலுக்குக் காத்திருப்பது தனி விரதம் என்பது எனக்கும் தெரியும். மாற்றுவதற்கு இரண்டு விரிப்புகள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குட்டியைக் கூண்டுக்குள் தள்ளும்போது என் மகனின் விரலைக் கடித்துவிட்டது. லேசாக ரத்தம் வந்தது. குட்டிக்கு இன்னும் தடுப்பூசி போடவில்லை. பால் பல்தானே, பயப்பட வேண்டுமா?
(வாசகர், குன்னூர்)

பதில்: பால் பல்லாக இருந்தாலும் ரத்தம் வந்தால் கடி கடிதான். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். இன்னும் காட்டவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் புறப்படுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தயாரித்த பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அந்த ஊர்க்காரர் இதில் அலட்சியம் காட்டலாகாது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசியும், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும்.

மகனைக் கடித்தது குட்டியின் கெட்ட குணத்தால் அல்ல. பின்னாலிருந்து தள்ளினால் எந்தக் குட்டியும் திரும்பிக் கடிக்கத்தான் செய்யும். இனி யாரும் அதைக் கூண்டுக்குள் தள்ளவோ, சேட்டை செய்ததற்குத் தண்டனையாக உள்ளே போடவோ வேண்டாம். கோத்தகிரி வாசகிக்கு எழுதியபடி சாப்பாட்டைக் காட்டித் தானாக நுழையச் செய்யுங்கள். குட்டி உள்ளே இருக்கும்போது கம்பி வழியாக விரலை நீட்டி விளையாடக் கூடாது என்று மகனுக்கும் சொல்லிவிடுங்கள். அது அதன் அறை. அங்கே இருக்கும்போது யாரும் தொந்தரவு செய்யக் கூடாது.

கேள்வி: எங்கள் ராஜபாளையம் குட்டி, எத்தனை முறை பெயர் சொல்லி அழைத்தாலும் கூண்டுக்கு வருவதில்லை. பிடிவாதமா?
(வாசகர், கூடலூர்)

பதில்: பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன் காதைச் சோதியுங்கள். வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவையாக இருக்கின்றன. அது தூங்கும்போது, தரை அதிராமலும் காற்று அதன் மேல் படாமலும் பின்னால் சற்றுத் தள்ளி நின்று ஒரு கிண்ணத்தைத் தட்டுங்கள். காது மடல்கூட அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்கவில்லை என்று உறுதியானால் குரலுக்குப் பதில் கையசைவால் பழக்கலாம்: கூண்டைச் சுட்டிக் காட்டுங்கள், அது நுழைந்ததும் தின்பதற்குக் கொடுங்கள். அப்படிப்பட்ட குட்டியைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பாதீர்கள், திடுக்கிட்டுக் கடித்துவிடும். கூண்டின் ஓரத்தை மெல்ல அசைத்தால் அதுவே எழுந்துகொள்ளும்.