பிரிட்டானியாவின் கதவு ஏன் திறக்கவில்லை?

இந்த மாதக் கணினி கேள்வி-பதில் பகுதிக்குப் பழைய ரோல்-பிளேயிங் கேம்கள் (நாமே ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் உலவும் கேம்கள்) பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஐயா, வணக்கம். 1994இல் அப்பா எங்களுக்கு ஒரு 486 கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். எல்லா கேமும் ஓடியது. பிரிட்டானியா என்ற உலகத்தில் நடக்கும் அல்டிமா 7 மட்டும் மெமரி மேனேஜர் (மெமரியைப் பங்கிட்டுத் தரும் புரோகிராம்) பற்றி ஏதோ சொல்லிவிட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டாஸ் திரைக்கே திரும்பிவிடும். கடையில் ரேம் போதாது என்றார்கள். 4 எம்பியை 8 ஆக்கினோம். அப்போதும் அதே கதை. என்னதான் கோளாறு?
– வாசகர், பட்டர்வொர்த்

ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2 எம்பி இருந்தாலே அல்டிமா 7 ஓடும். உங்கள் கம்ப்யூட்டரில் இஎம்எம்386 என்ற டிரைவர் ஏறியிருந்திருக்கும். வழியை மறித்தது அதுதான்.

டாஸ் பிறந்த காலத்து 8088 சிப்புக்கு 1 எம்பிக்கு மேல் எட்டாது. அதிலும் புரோகிராம்களுக்குக் கிடைத்தது 640 கேபிதான். 386 வந்தபோது சிப்பின் எல்லை 4 ஜிபி ஆகிவிட்டது. டாஸ் மட்டும் ரியல் மோடு என்ற அந்த 8088 காலத்து நடையை விட்டு நகரவில்லை. 1992இல் அல்டிமா 7ஐ வெளியிட்ட ஒரிஜின் நிறுவனத்தார் இதற்காகவே வூடூ என்ற பெயரில் சொந்தமாக ஒரு மெமரி மேனேஜர் எழுதினார்கள். அது சிப்பைக் கண நேரம், மொத்த மெமரியையும் எட்டக்கூடிய புரொடெக்டட் மோடுக்குக் கொண்டுபோகும். 64 கேபியாக இருந்த செக்மென்ட் (சிப் ஒரே மூச்சில் எட்டும் மெமரித் துண்டு) எல்லையை 4 ஜிபிக்கு நீட்டும். உடனே ரியல் மோடுக்குத் திரும்பிவிடும். திரும்பிய பிறகும் சிப் அந்தப் புது எல்லையை மறப்பதில்லை. இதற்கு அன்ரியல் மோடு என்று பெயர். டாஸும் ஓடும், மொத்த ரேமும் கைக்கு வரும். அபாரமான யோசனை!

இஎம்எம்386 ஏறியிருந்தால் இது நடக்காது. சிப் ஏற்கெனவே புரொடெக்டட் மோடில் இருக்கும். டாஸை விர்ச்சுவல் 8086 என்ற கூண்டுக்குள் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும். கூண்டுக்குள் இருக்கும் கேம் தன் இஷ்டத்துக்கு மோடை மாற்ற முடியாது. சரி, அதை எடுத்துவிடலாம் என்றால் இன்னொரு தொல்லை. டிரைவர்களை 640 கேபிக்கு மேலே ஏற்றி வைக்க இடம் கொடுத்ததே அதுதான். அது போனால் மவுஸ் டிரைவர், சிடி டிரைவர் எல்லாம் கீழே இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் பினாங்கு ரோட்டில் சர்வீஸ் வேலை பார்த்த காலத்தில், இந்த கேமுக்கென்றே ஒரு பூட் டிஸ்க், அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் ஃபிளாப்பி, போட்டுக் கொடுப்பேன். டாஸ் தொடங்கும்போது படிக்கும் இரண்டு கோப்புகள் அதில் இருக்கும். கான்ஃபிக்.சிஸ்ஸில் ஹைமெம்.சிஸ், டாஸ்=ஹை, கூடவே ஃபைல்ஸ் வரி. ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் மவுஸ், சவுண்ட் கார்டு. சிடி டிரைவ் கிடையாது. அவ்வளவுதான்.

அவ்வளவு மெமரி எதற்கு என்றால், அந்த உலகத்தில் இருக்கும் மெழுகுவர்த்தி, தட்டு, மூட்டை என ஒவ்வொன்றும் கையால் எடுக்கக்கூடிய தனிப் பொருள். மாவு மூட்டையை மேசை மேல் கொட்டலாம். வாளித் தண்ணீரை அதில் ஊற்றினால் பிசைந்த மாவாகும். அடுப்பில் வைத்தால் ரொட்டி வெந்து வரும். கதையை முடிக்க இதில் எதுவும் தேவையில்லை. ஆனாலும் செய்து வைத்திருக்கிறார்கள். ஊர் ஜனங்கள் காலையில் வேலைக்குப் போவார்கள், மாலையில் மதுக்கடையில் கூடுவார்கள், இரவில் தூங்குவார்கள். 1992இல் இதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். என்னைக் கேட்டால், இன்றுவரை அதைத் தாண்டிய கேம்கள் மிகக் குறைவு.

இப்போது கூண்டுத் தொல்லை இல்லை. 2002இல் வந்த டாஸ்பாக்ஸ் சிப்பையே மென்பொருளாக நடித்துக் காட்டுகிறது. இன்னும் சுலபமான வழி எக்ஸல்ட். அது அல்டிமா 7இன் எஞ்சினை முதலிலிருந்து புதிதாக எழுதிய இலவச மென்பொருள். உங்கள் பழைய டிஸ்க்கிலிருந்து கோப்புகளைக் கொடுத்தால் போதும்.

பழைய கேம் ஃபிளாப்பி டிஸ்க்குகள் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. சிலவற்றில் வெள்ளையாகப் புள்ளி தெரிகிறது. காப்பாற்ற முடியுமா?
– ஆசிரியை, செந்தூல்

முடியும். ஆனால் புள்ளி விழுந்த டிஸ்க்கை அப்படியே டிரைவில் போட்டுவிடாதீர்கள். அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். டிரைவின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். ஷட்டரை விலக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாக, வட்டைச் சுற்றிக்கொண்டே துடையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் டிரைவுக்குள் போக வேண்டும்.

3.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் போதும். 5.25 அங்குலம் என்றால் பழைய டிரைவும், அதை யுஎஸ்பியோடு இணைக்கும் கிரீஸ்வீசில் போன்ற ஒரு போர்டும் வேண்டும். கோப்புகளை மட்டும் காப்பி பண்ணாமல், டிஸ்க்கை முழுசாக இமேஜ் (மொத்த டிஸ்க்கின் நகலாக ஒரே கோப்பு) எடுங்கள். கம்ப்யூட்டரைத் தொடங்க உதவும் பூட் செக்டரும், நகலெடுப்பதைத் தடுக்கும் காப்பி புரொடெக்‌ஷனும் கோப்புப் பட்டியலில் தெரியாத இடத்தில் இருக்கும். தள்ளிப் போடாமல் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே செய்துவிடுங்கள் டீச்சர்.

அங்கிள், அந்தக் காலத்து கேம் எல்லாம் பினாங்கில் செய்த சிப்பில்தான் ஓடியது என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?
– படிவம் 4 மாணவி, பாயான் லெப்பாஸ்

தாத்தா சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது மகளே. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் தொழிற்சாலை, 1972இல் உங்கள் ஊரில்தான் வந்தது. சிலிக்கான் வேஃபர் (பல சிப்கள் பதித்த வட்டத் தகடு) வேறு இடத்தில் தயாராகும். அதை வெட்டிப் பொருத்தி, சோதித்து அனுப்பும் வேலை இங்கே. 90களின் இன்டெல் சிப்கள் பலவற்றில் ஆங்கிலத்தில் மலாய் என்று ஐந்தெழுத்து அச்சிட்டிருக்கும். தாத்தாவிடம் பழைய சிப் இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

சத்தம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. சவுண்ட் பிளாஸ்டர் கார்டை 1989இல் கொண்டுவந்த கிரியேட்டிவ் அந்த ஊர் நிறுவனம். அல்டிமா 7 தொடங்கும்போது ஒரு சிவப்பு முகம் திரையை முட்டிக்கொண்டு வந்து, நிஜக் குரலில் பேசும். அந்தக் கார்டு இருந்த வீட்டில்தான் அந்தக் குரல் கேட்டது.

என் மகனுக்கு 15 வயது. எதில் ஆரம்பிக்கச் சொல்லலாம்?
– வாசகி, கிள்ளான்

1998இல் வந்த பால்டர்ஸ் கேட். அன்று 5 சிடி, இன்று 2012இன் மறுபதிப்பு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் சண்டை அப்படியே நிற்கும், நிதானமாக யோசிக்கலாம். ஒன்று மட்டும் தம்பியிடம் சொல்லிவையுங்கள். தொடக்கத்தில் மந்திரவாதிக்கு உயிர் நாலைந்து புள்ளிதான், ஓர் ஓநாய் போதும் ஆளை முடிக்க. ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படியில் ஒருவன் பேச்சுக் கொடுப்பான். அவனிடம் போவதற்கு முன் கேமை சேவ் பண்ணிக்கொள்ளட்டும்.